ஒரே கார்டு, நாலு வேலை: பாதி மட்டும் ஓடினால் எங்கே பார்ப்பது?

மலையகத்து ஹட்டனில் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வரும் பழைய கணினிகளோடு கூடவே ஒரு வசனமும் வரும்: "கார்டு செத்துப்போச்சு போல தம்பி." பெட்டிகள் பெரும்பாலும் 486, பென்டியம் காலத்தவை. சில தோட்ட ஆபிஸில் செக்ரோல் (சம்பளப் பதிவேடு) போட்டவை, சில டியூஷன் வகுப்பில் டைப்பிங் பழக்கியவை, சில யாரோ ஆசைக்கு வாங்கி வைத்திருப்பவை. கழற்றிப் பார்த்தால் உள்ளே செருகிய தகடான அந்தக் கார்டு சாகவில்லை. நாலு வேலை செய்ய வேண்டியது இரண்டைச் செய்கிறது. சத்தம் வருகிறது, ஜாய்ஸ்டிக் இல்லை. சீரியல் போர்ட் இருக்கிறது, பிரிண்டர் போர்ட் இல்லை.

பாதி ஓடுகிறது என்பது நல்ல செய்தி. கரண்ட் போகிறது, ஸ்லொட்டும் (கார்டைச் செருகும் இடம்) பஸ்ஸும் (கார்டுகளை இணைக்கும் பொதுவழி) பெரும்பாலும் சரி. மீதி ஏன் வரவில்லை என்பது பெரும்பாலும் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பக்கத்துக் கணக்கு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பிரட்டை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகிறார்கள். பெயர் கூப்பிடப்படாதவருக்கு, ஆள் எவ்வளவு திடகாத்திரமாக இருந்தாலும், அன்றைக்கு வேலை இல்லை. இயங்குதளமும் தொடங்கும்போது இதைத்தான் செய்கிறது. கார்டில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் பெயர் பதிந்திருக்கிறதா? கூப்பிட்டு முகவரியும் (இவரை அணுகும் எண்) இன்டரப்டும் (இவர் குரல் கொடுக்கும் கம்பி) கொடுத்தார்களா? இல்லை, வேறொரு டிரைவர் முந்திக்கொண்டு இவருடைய இடத்தில் நிற்கிறதா? கீழே உள்ள கோளாறுகளில் முக்கால்வாசி இந்த மூன்று கேள்விகளில் ஒன்றில் போய் நிற்கும்.

ஒரு குறிப்பு: போர்ட் எண்கள் எல்லாம் ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை). அவற்றில் வரும் எழுத்துகளையும் கட்டளைப் பெயர்களையும் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

சத்தம் வருகிறது, ஜாய்ஸ்டிக் இல்லை (பிசிஐ என்ற ஸ்லொட் வகைக் கார்டு)

லினக்ஸ் போடக்கூடிய பெட்டி என்றால் முதலில் பிசிஐ கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுங்கள். விண்டோஸ் மட்டும் இருந்தாலும் லினக்ஸ் சிடி ஒன்றில் பூட் செய்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் விண்டோஸ் 98 மஞ்சள் கேள்விக்குறியோடு நிறுத்திக்கொள்ளும், இது விவரமாகச் சொல்லும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பஸ் எண், கார்டு எண், புள்ளிக்குப் பிறகு வேலையின் (ஆங்கிலத்தில் ஃபங்ஷன்) எண் இருக்கும். ஒரே கார்டு எண்ணுக்குப் புள்ளி 0, புள்ளி 1 என்று இரண்டு வரி வந்தால் கார்டு தன் இரண்டு வேலைகளையும் சொல்லிவிட்டது. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் இதற்கு நல்ல உதாரணம்: 0 ஒலி, 1 ஜாய்ஸ்டிக் போர்ட். இரண்டும் ஒரே தகட்டில் இருந்தாலும் டிரைவர் வேறு வேறு. லினக்ஸில் ஒலிக்கு இஎம்யு10கே1, ஜாய்ஸ்டிக்குக் கடைசியில் ஜிபி என்று ஒட்டு வைத்த தனி மாட்யூல் (தேவைப்படும்போது ஏற்றும் டிரைவர் துண்டு). ஒலி டிரைவரை ஏற்றிவிட்டு ஜாய்ஸ்டிக்கைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இந்த இரண்டாவதை ஏற்றியிருக்க மாட்டார்கள். விண்டோஸ் 98-இலும் அதே கதைதான்: ஒலிக்கு டிரைவர் போட்டாகிவிட்டது, கேள்விக்குறியோடு நிற்கும் அடுத்த சாதனத்துக்கும் அதே சிடியிலிருந்து போட வேண்டும்.

புள்ளி 1 வரியே வராவிட்டால் கதை வேறு. பிசிஐ விதிப்படி ஒவ்வொரு கார்டிலும் 0-ஆம் வேலை கட்டாயம் இருக்க வேண்டும். அதன் பதிவேட்டில் 0இ என்ற இடத்தில் உள்ள பைட்டின் மேல்முனை பிட், "வீட்டில் இன்னும் ஆள் இருக்கிறது" என்று சொல்லும் பிட். அது 1 ஆக இருந்தால்தான் இயங்குதளம் 1 முதல் 7 வரை கூப்பிட்டுப் பார்க்கும். 0 என்றால் அடுத்த கார்டுக்குப் போய்விடும். செட்பிசிஐ கட்டளையால் அந்தப் பைட்டைப் படிக்கலாம். 80 என்று வந்தால் பல வேலைக் கார்டு, 00 என்றால் ஒரே வேலை என்று கார்டு சாதிக்கிறது. பெட்டியின் அட்டையில் இரண்டு வேலை என்று அச்சடித்திருந்தும் 00 வந்தால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

பொழுதுபோக்காகச் சொந்த இயங்குதளம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் இரண்டு விதமாகச் சறுக்குவார்கள். அந்தப் பிட்டைப் பார்க்காமலே எட்டு எண்ணையும் கூப்பிடுவது ஒன்று. சில பழைய சில்லுகள் வேலை எண்ணைக் கவனிப்பதே இல்லை. எந்த எண்ணைக் கூப்பிட்டாலும் "இருக்கேன்" என்று சொல்லும், ஒரே நெட்வொர்க் கார்டு எட்டாகத் தெரியும். மற்றது, 1 இல்லை என்றதும் தேடுவதை நிறுத்துவது. 0-க்கு அடுத்து நேரே 3 இருக்கலாம், விதி அதை அனுமதிக்கிறது. எட்டையும் கேளுங்கள், ஆனால் 0 அனுமதி கொடுத்த பிறகு.

இரண்டு சீரியல் போர்ட் வந்தது, பிரிண்டர் போர்ட் வரவில்லை

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா ஒருவர் வந்தார். மதர்போர்டிலிருந்த பிரிண்டர் போர்ட் பழுது என்று கொழும்பில் யாரையோ பிடித்து, இரண்டு சீரியல், ஒரு பேரலல் (பிரிண்டர் போர்ட்) உள்ள பிசிஐ கார்டு வாங்கியிருந்தார். டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பழைய கணக்கு சிலவற்றை எடுக்க வேண்டுமாம்.

"ரெண்டு சீரியல் போர்ட் வந்திருக்கு ஐயா, பிரிண்டர் போர்ட்தான் வரல்ல."

"சீரியல வச்சி நான் என்னா செய்ய தம்பி? எனக்கு வேண்டியது பிரிண்டர்தானே."

இந்த மாதிரிக் கார்டில் மூன்று போர்ட் இருந்தாலும் பிசிஐ கணக்கில் வேலை ஒன்றுதான். லயத்தில் பத்துக் குடும்பம் இருந்தும் கடிதமெல்லாம் தோட்டத்து ஒரே விலாசத்துக்கு வருகிற மாதிரி. உள்ளே பிரித்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். லினக்ஸில் ஒரு பிசிஐ வேலைக்கு ஒரு டிரைவர்தான். சீரியல் டிரைவர் வந்து கார்டின் வகைக் குறியீட்டைப் பார்க்கிறது, "சீரியல்" என்று எழுதியிருக்கிறது, முழுக் கார்டையும் தன் பெயரில் எழுதிக்கொள்கிறது. பிறகு பேரலல் டிரைவர் வந்தால் கதவு பூட்டியிருக்கும்.

நெட்மோஸ் 9835 சில்லு இதற்குப் பேர்போனது. அதன் தயாரிப்பாளர் எண் 9710, சாதன எண் 9835. இந்தக் குடும்பச் சில்லுகளில் பேரலல் போர்ட் இருந்தாலும் வகைக் குறியீடு சீரியல் என்றே இருக்கும். அதனால் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே ஒரு திருத்தம் எழுதி வைத்திருக்கிறார்கள்: இந்தச் சில்லைக் கண்டதும் வகையை "வேறு" என்று மாற்றிவிடு, சீரியல் டிரைவர் கை வைக்காது, பார்போர்ட்_சீரியல் என்ற கூட்டு டிரைவர் வந்து இரண்டையும் எடுத்துக்கொள்ளட்டும். ஆகவே சீரியல் மட்டும் வந்தால் அந்தத் திருத்தம் இல்லாத பழைய கர்னலாக இருக்கலாம். மூன்றில் ஒன்றுமே வராவிட்டால் திருத்தம் இருக்கிறது, கூட்டு டிரைவரை ஏற்றவில்லை. இரண்டாவது நிலைக்கு மருந்து அந்த மாட்யூலை ஏற்றுவதுதான். கர்னலை நீங்களே கட்டியிருந்தால் அதைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள். நான் ஒரு தரம் மறந்து அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

கார்டில் எத்தனை போர்ட் என்பதை டிரைவர் எப்படி அறியும்? கார்டின் துணை எண்ணில்தான் (சப்சிஸ்டம் ஐடி) அது இருக்கிறது. கடைசி இரண்டு இலக்கத்தில் முன்னது பேரலல், பின்னது சீரியல். 0012 என்றால் ஒரு பேரலல், இரண்டு சீரியல். எல்எஸ்பிசிஐ-க்கு என், வி விருப்பங்களைக் கொடுத்தால் இதைப் பார்க்கலாம். வாங்கும் முன்னரே பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது, தகட்டில் மூன்று இணைப்பிக்கு இடம் விட்டு இரண்டை மட்டும் பொருத்திய கார்டுகளும் உண்டு.

நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் இதைச் சுத்தமாகச் செய்கின்றன. பியூசி என்று ஒரு தாய் டிரைவர். அது கார்டை வாங்கி, முகவரிகளைப் பிரித்து, சீரியலுக்கும் பேரலலுக்கும் வழக்கமான பிள்ளை டிரைவர்களை உள்ளே கூப்பிடும். சொந்தமாக எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வதும் இந்த முறையைத்தான். பேரலல் டிரைவருக்குள் சீரியல் குறிமுறையைச் செருகினால் அடுத்த கார்டுக்கும் அதையே திரும்பச் செய்ய வேண்டிவரும். விண்டோஸ் 98-இலும் இப்படிப்பட்ட கார்டுக்கு முதலில் "மல்டி-ஃபங்ஷன் அடாப்டர்ஸ்" என்ற தலைப்பின் கீழ் தாய்ச் சாதனம் பதிவாகும், போர்ட்டுகள் அதற்குப் பிறகுதான் வரும். முதல் டிரைவரோடு "முடிந்தது" என்று மூடிவிடாதீர்கள். மீண்டும் பூட் செய்து, விஸார்ட் இரண்டாம் மூன்றாம் தடவை கேட்கும்போதும் பதில் சொல்லுங்கள்.

கிளாக்கர் ஐயாவின் கதை அத்தோடு முடியவில்லை. அவருடைய கணக்கு நிரல் டாஸில் (விண்டோஸுக்கு முந்திய இயங்குதளம்) ஓடுவது. பிசிஐ பேரலல் போர்ட் வழக்கமான பழைய 378 முகவரியில் உட்காராது; டி400 போல ஏதாவது ஓர் உயர்ந்த முகவரியில் உட்காரும். பயோஸ் (மதர்போர்டிலுள்ள அடிப்படை நிரல்) வழியாக அச்சிடும் நிரலாக இருந்தால் தப்பிக்கலாம்: நினைவகத்தில் 40:8 என்ற இடத்தில் முதல் பிரிண்டர் போர்ட்டான எல்பிடி1-இன் முகவரி இருக்கிறது, டிபக் நிரலைத் திறந்து அங்கே 00, டி4 என்று இரண்டு பைட்டை (சின்னது முதலில்) எழுதினால் போதும். அடுத்த பூட் வரை நிற்கும், பூட்டின்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக்கில் போட்டுவிடலாம். 378-ஐ நேரடியாகத் தொடும் நிரலுக்கு இது உதவாது, அதற்குப் பழைய ஸ்லொட் வகையான ஐஎஸ்ஏ கார்டு தேட வேண்டும். ஐயாவின் நிரல், நல்ல காலம், பயோஸ் வழிதான்.

டிவி கார்டு போட்டதும் ஸ்பீக்கரில் சத்தம் நின்றுவிட்டது

பிதுருதலாகலை உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் இருப்பதால், நுவரெலியாப் பக்கத்தில் ஒரு காலத்தில் டிவி கார்டு மோகம் கொஞ்சம் அதிகம். பிடி878 சில்லு உள்ள கார்டுகளில் 0 படம், 1 ஒலி. லினக்ஸில் அந்த 1-ஆம் வேலைக்கு எஸ்என்டி-பிடி87எக்ஸ் டிரைவர் தானாக ஏறி, முதல் சவுண்ட் கார்டு என்ற இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதில் சத்தத்தை உள்ளே வாங்க மட்டும்தான் முடியும், ஸ்பீக்கருக்கு அனுப்ப முடியாது. பாட்டுப் போடும் நிரல் முதல் கார்டுக்கு அனுப்புகிறது, அங்கே வாய் இல்லை. அந்த டிரைவருக்கு இன்டெக்ஸ் விருப்பமாக -2 கொடுங்கள், முதல் இடத்தை விட்டுவிடும். டிவி ஒலியைக் கேபிள் போட்டு லைன்-இன்னுக்குக் கொண்டுபோகிறவர்கள் அந்த டிரைவரையே தடுத்துவிடலாம், நட்டமில்லை. இதைச் செய்துவிட்டுப் படம் வெறும் புள்ளியாக இருந்தால் அது வேறு விஷயம்: ஒளிபரப்பு முறையை பால்-பிஜி என்று வைத்தீர்களா என்று பாருங்கள்.

சவுண்ட் கார்டில் செருகிய சிடி டிரைவ் தெரியவில்லை

ஐஎஸ்ஏ பிளக் அண்ட் ப்ளே கார்டுகளில் ஒரு தகட்டுக்குள் பல "தர்க்கச் சாதனங்கள்" இருக்கும். சவுண்ட் பிளாஸ்டர் வரிசையில் சிலவற்றில் ஒலி, ஐடிஇ (டிஸ்க், சிடி டிரைவ் இணைப்பு), வேவ்டேபிள், ஜாய்ஸ்டிக் என்று நாலு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுவிட்ச் போல 30-ஆம் பதிவேடு இருக்கிறது. அதில் 1 எழுதும் வரை அந்தச் சாதனம் பஸ்ஸில் இல்லாத மாதிரிதான். ஒலி டிரைவர் தன் சுவிட்சை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடும்.

இந்தக் கோளாறின் அடையாளம் தனி. விண்டோஸிலிருந்து எம்எஸ்-டாஸ் மோடுக்குப் போனால் சிடி தெரியும், கரண்டை நிறுத்திப் போட்டு நேரே டாஸுக்கு வந்தால் தெரியாது. சுவிட்சைப் போட்டது விண்டோஸ்தான். பயோஸில் "பிஎன்பி ஓஎஸ்" என்ற விருப்பம் யெஸ் என்று இருந்தால் நோ ஆக்குங்கள். யெஸ் என்றால் பயோஸ் பூட்டுக்குத் தேவையானவற்றை மட்டும் அமைத்துவிட்டு மீதியை இயங்குதளத்தின் தலையில் கட்டிவிடும், டாஸுக்கோ அந்த வேலை தெரியாது. அப்படியும் வராவிட்டால் கிரியேட்டிவின் சிடிசிஎம் நிரலை ஓட விடுங்கள், அதற்குப் பிறகு சிடி டிரைவர். 2.6-க்குப் பிந்திய லினக்ஸ் என்றால் சிஸ் கோப்பகத்தில் பஸ், பிஎன்பி, டிவைசஸ் என்று இறங்கினால் ஒவ்வொரு சாதனத்துக்கும் ரிசோர்சஸ் என்ற கோப்பு இருக்கும். படித்தால் அணைந்திருக்கிறதா என்று சொல்லும், "ஆக்டிவேட்" என்று எழுதினால் எழும்பும்.

மதர்போர்டில் இரண்டாவது ஐடிஇ ஏற்கெனவே 170-இல், இன்டரப்ட் 15-இல் இருக்கும்போது கார்டின் ஐடிஇயையும் அதே இடத்தில் வைத்தால் பெட்டி உறைந்துவிடும். கார்டை 1இ8, இன்டரப்ட் 11-க்கு மாற்றுங்கள். இன்னொன்று, ஆரம்பகாலச் சவுண்ட் கார்டுகளில் உள்ள 40 பின் இணைப்பி எல்லாமே ஐடிஇ அல்ல. பானாசோனிக் வகையும் 40 பின்தான், கேபிள் அழகாகப் பொருந்தும், டிரைவ் ஒரு நாளும் பேசாது.

8 பிட் சத்தம் வருகிறது, 16 பிட் வரவில்லை

டிரைவரை விட்டுவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள். ஐஎஸ்ஏ ஸ்லொட்டில் நீளப் பகுதியும் குட்டிப் பகுதியும் உண்டு. டிஎம்ஏ (செயலி நடுவில் நிற்காமல் தரவைக் கடத்தும் வழி) 1, 3, இன்டரப்ட் 3 முதல் 7 வரை நீளப் பகுதியில். டிஎம்ஏ 5, 6, 7, இன்டரப்ட் 10, 11, 12, 14, 15, தரவின் மேல் எட்டுப் பிட்டுகள் எல்லாம் குட்டிப் பகுதியில். சவுண்ட் பிளாஸ்டர் 16-இல் 16 பிட் ஒலி வழக்கமாக டிஎம்ஏ 5-இல் போகும். குட்டிப் பகுதியின் தொடுமுனையில் பச்சை பிடித்திருந்தால் 8 பிட் ஒலியும் ஜாய்ஸ்டிக்கும் ஓடும், 16 பிட் ஒலியும் ஐடிஇயும் ஓடாது. டிரைவர் கோளாறு மாதிரியே நடிக்கும்.

வட்டவளை, கினிகத்தேனைப் பக்கமிருந்து வரும் பெட்டிகளில் இதை நிறையப் பார்க்கிறேன். தென்மேல் பருவ மழையில் அலுமாரியில் வைத்த துணியே பூசணம் பிடிக்கிற இடம். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், தங்கப் பூச்சு போய்விடும்.

மோடத்தைத் திறந்ததும் மவுஸ் உறைகிறது

சீரியல் போர்ட்டுகளில் காம்1-உம் காம்3-உம் இன்டரப்ட் 4, காம்2-உம் காம்4-உம் இன்டரப்ட் 3. ஐஎஸ்ஏயில் இன்டரப்ட் கம்பியை இரண்டு கார்டு பகிர்ந்துகொள்ள முடியாது, ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தால் மற்றது தூக்க முடியாது. அப்படியானால் இத்தனை நாள் ஏன் பிரச்சினை வரவில்லை? திறக்கும் வரை போர்ட் அந்தக் கம்பியைத் தொடுவதில்லை. டிரைவர் ஒரு பிட்டைப் போட்டு வாசலைத் திறக்கும்போதுதான் மோதல். பேரலல் போர்ட்டும் சவுண்ட் கார்டும் இன்டரப்ட் 7-இல் இருந்து, டாஸில் சமாதானமாகவும் வேறு இயங்குதளத்தில் சண்டையாகவும் இருப்பதற்கும் இதுதான் காரணம். கார்டிலுள்ள ஜம்பரை (கையால் மாற்றும் சின்ன இணைப்பு) மாற்றுவதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை.

பிசிஐயில் பகிரலாம், ஆனால் டிரைவர் ஒழுங்காக இருந்தால் மட்டும். இன்டரப்ட் வந்ததும் ஒவ்வொரு டிரைவரும் தன் சில்லைக் கேட்டு, தன்னுடையது இல்லையென்றால் "எனதல்ல" என்று திருப்ப வேண்டும். கர்னல் செய்தியில் "நோபடி கேர்ட்" என்று வந்து அந்த இன்டரப்ட் அணைக்கப்பட்டிருந்தால், கார்டில் ஒரு வேலை கத்துகிறது, அதற்கு டிரைவர் ஏறவில்லை. தாய் டிரைவர் எழுதுகிறவர்கள் பிள்ளைகள் எல்லாம் தயாரான பிறகே இன்டரப்டைத் திறக்க வேண்டும்.

ஃப்ளாப்பி மாற்றியும் பழைய பட்டியலே வருகிறது

இதை அலட்சியம் செய்ய வேண்டாம். அந்த நிலையில் எழுதினால் புதிய ஃப்ளாப்பியில் பழையதன் அட்டவணை போய் உட்காரும், கோப்புகள் போச்சு. 3எஃப்7 என்ற ஒரே முகவரியை இருவர் பங்கிடுகிறார்கள்: மேல் பிட் ஃப்ளாப்பி கட்டுப்பாட்டியுடையது, "தட்டு மாறியது" என்று சொல்வது அதுதான், கீழ் ஏழு பிட்டும் ஹார்ட் டிஸ்க்குடையவை. மல்டி ஐஓ கார்டு (ஃப்ளாப்பி, ஹார்ட் டிஸ்க், போர்ட்டுகள் ஒன்றாக உள்ளது) இரண்டு இருந்து இரண்டிலும் ஃப்ளாப்பி இயங்கினாலோ, ஹார்ட் டிஸ்க் பக்கம் மேல் பிட்டிலும் கை வைத்தாலோ இந்தச் செய்தி தொலைந்துபோகும். ஒரு கார்டில் ஃப்ளாப்பியை ஜம்பரால் அணையுங்கள். பிறகு கேபிளின் 34-ஆம் கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் தட்டு மாற்றத்தைக் கொண்டுவரும் கம்பி. லினக்ஸில் தற்காலிகமாக ஃப்ளாப்பி டிரைவருக்கு ப்ரோக்கன்_டிசிஎல் விருப்பம் கொடுத்தால் அந்தக் கம்பியை நம்பாமல் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் படிக்கும்.

போர்ட் இருக்கிறது என்கிறது டிரைவர், ஆனால் ஒரு எழுத்தும் போகவில்லை

ஏப்ரல், ஒக்டோபர் மாத இடிகளுக்குப் பிறகு வரும் முறைப்பாடு. டிரைவர் பொய் சொல்லவில்லை. சீரியல் சில்லைத் தேடும்போது அது செய்வது உள் சுற்றுச் சோதனை: சில்லுக்குள்ளேயே அனுப்பி, உள்ளேயே வாங்குகிறது. வெளிக் கம்பிக்குப் போகும் வழியில் 1488, 1489 என்று இரண்டு சின்னச் சில்லுகள் பழைய கார்டுகளில் இருக்கும். 1488 அனுப்புவது, 1489 வாங்குவது. இடி கேபிள் வழியாக வந்தால் முதலில் சாவது இவை. உள் சோதனை இவற்றைத் தொடுவதே இல்லை.

கார்டின் இணைப்பியில் 2-ஆம் 3-ஆம் பின்னை ஒரு கம்பியால் இணைத்து, டெர்மினல் நிரலில் எதையாவது தட்டுங்கள். தட்டியது திரும்பி வந்தால் கார்டு நல்லது, கேபிளையோ மோடத்தையோ பாருங்கள். வராவிட்டால் சில்லை வாங்க ஓடுவதற்கு முன்னர் மீட்டரை எடுத்து ஐஎஸ்ஏ ஸ்லொட்டின் பி7 முனையில் -12 வோல்ட் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். 1488-க்கு அது இல்லாமல் முடியாது. கிழடான பவர் சப்ளையில் அது மட்டும் போயிருந்தாலும் கணினி ஒன்றுமே நடக்காத மாதிரி பூட் ஆகும். -12 இருந்தால் இரண்டு சில்லையும் மாற்றுங்கள், மாற்றும்போது சாக்கெட் வைத்து மாற்றுங்கள். அடுத்த ஒக்டோபரில் திரும்பவும் சோல்டரிங் பிடிக்கத் தேவையில்லை.